நாலாவது பிரிவில் ஒரு தாழ்ப்பாள்

அக்கா: ...கத்தரிக்கோலை வாங்கி வெச்சாங்க, நியாயம். சட்டமன்றத்துக்குள்ள கத்தரிக்கோலோட போனா யாரு நாக்கை வெட்டுவாளோன்னு பயம் இருக்கும். அந்தப் பொட்டலத்தை எதுக்குப் பிடுங்கினாங்க?

தங்கச்சி: என்ன இருந்துச்சு அதுல?

அக்கா: ஒண்ணுமில்ல, இரும்புச் சாமான். கடையில மாதிரி காட்டி வாங்கணும்னு பையில போட்டேன். பாரு, டோக்கன் வேற. முப்பத்தேழு. ஏதோ வைரத்தை ஒப்படைச்ச மாதிரி.

தங்கச்சி: வெளிய போறப்ப குடுத்துருவாங்க அக்கா.

அக்கா: அக்காவா... சரி, அப்படியே வெச்சுக்கோ. நானும் உன்னைத் தங்கச்சின்னே கூப்பிடறேன். இந்தக் கூடத்துல இன்னும் எவ்வளவு நேரம் உக்காரணும்?

தங்கச்சி: மேல பார்வையாளர் மாடத்துல நாப்பது பேர்தான் உக்காரலாம். ஒரு கூட்டத்துக்கு ஒரு மணி நேரம். அவங்க இறங்கினா நாம ஏறணும்.

அக்கா: அடிக்கடி வருவியோ?

தங்கச்சி: இல்ல, இதான் முதல் தடவை.

அக்கா: முதல் தடவைக்கு நல்லாவே தெரிஞ்சு வெச்சிருக்க.

தங்கச்சி: பாஸ் பின்பக்கம் போட்டிருக்கே.

அக்கா: நான் முன்பக்கமே படிக்கல... சரி, நீ எதுக்கு வந்த?

தங்கச்சி: சும்மா. பாக்கலாம்னு.

அக்கா: சும்மா பாக்க வந்தவ இப்படி நகத்தைக் கடிக்க மாட்டா. வேண்டாம், சொல்லாத. எனக்கு ஊர் வம்பு கேக்கற பழக்கமே கிடையாது.

தங்கச்சி: அப்படியா?

அக்கா: தானா வந்து காதுல விழும், அது வேற. நான் தையல் கடை வெச்சிருக்கேன். அளவெடுக்கறப்ப மனுஷன் ரெண்டு கையையும் தூக்கிட்டு நிப்பானா, அந்த நேரத்துல அவனுக்குப் பொய் வராது. எங்க தொகுதி உறுப்பினரோட உதவியாளர் என்கிட்டதான் கால்சட்டை தைக்கறார். வருஷத்துக்கு ரெண்டு அங்குலம் இடுப்பு ஏறுது. எனக்குச் சேதியும் அதே அளவுல ஏறுது.

தங்கச்சி: உங்க உறுப்பினர் யாரு?

அக்கா: பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது. தெருவில கொட்டாவின்னு சொல்வோம். மூணு தடவை ஜெயிச்சவர். சபையில வாயைத் திறந்ததே கொட்டாவி விடறதுக்குத்தான். ஆனா பாரு, இன்னிக்கு ஓட்டுக்கு வர்ற மசோதா அவர் வாயில இருந்து கிளம்பினது.

தங்கச்சி: தாழ்ப்பாள் மசோதாவா?

அக்கா: ஆக, நீயும் அதுக்குத்தான் வந்த.

தங்கச்சி: ...ஆமா.

அக்கா: அப்படி வா வழிக்கு. காகிதத்துல அதோட பேரு ‘வீட்டோடு தங்கிப் பணிபுரிவோர் உறைவிட வசதிகள் மசோதா’. அதை ஊர் வாய் மென்னு துப்பி தாழ்ப்பாள் மசோதா ஆக்கிடுச்சு. விஷயமும் அவ்வளவுதானே. வீட்டோட தங்கி வேலை பாக்கறவங்களுக்குத் தனியா ஒரு அறை, அறைக்கு ஒரு கதவு, கதவுக்கு உள்பக்கத்துல ஒரு தாழ்ப்பாள்.

தங்கச்சி: அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இன்னிக்குச் சண்டை.

அக்கா: ‘உள்பக்கத்தில்.’ அதை வெட்டப் போறாங்களா, விடப் போறாங்களான்னு பாக்காம வீட்டுக்குப் போறதில்லன்னு கடையைப் பூட்டிட்டு வந்துட்டேன்.

தங்கச்சி: உங்களுக்கு அதுல என்னக்கா?

அக்கா: எனக்கென்ன. வேடிக்கைதான். எங்க தெருவில முளைச்ச விதையாச்சே, மரமாகுதா, ஆடு மேயுதான்னு பாக்க வேண்டாமா?

தங்கச்சி: தெருவில இருந்தா கிளம்பிச்சு? பேப்பர்ல சமூக நலன் கருதின்னு போட்டிருந்தாங்க.

அக்கா: சமூகமாவது நலனாவது. எங்க தெருவில ஒரு வீடு. அந்த வீட்டுக்காரி நல்லவதான். ஆனா தான் நல்லவங்கறதை நாலு பேர் பாக்கணும் அவளுக்கு. மாமியார் படுக்கையில விழுந்தாங்க. பெத்த தாய் மாதிரி நானே பாத்துக்குவேன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டு, மறுநாளே வீட்டோட ஒருத்தியைக் கொண்டு வந்து வெச்சா.

தங்கச்சி: அந்த வேலைக்கு வந்தவங்கதான் இதுக்கு மனு கொடுத்தவங்களா?

அக்கா: அவசரப்படாத. நாப்பது வயசு இருக்கும் அவளுக்கு. வாயில பூட்டு. எதைக் கேட்டாலும் ஒத்தை வார்த்தைதான் வரும். சாப்பிட்டியான்னா ‘ஆச்சு’. எந்த ஊருன்னா ‘தூரம்’. ஒத்தச்சொல்லின்னு நாங்களே பேர் வெச்சோம். பதினாறு மாசம் அந்த வீட்டுல இருந்தா. சமையலறைக்குப் பின்னால சாமான் போடற அறையில படுக்கை. உடைஞ்ச மேசை, பழைய மெத்தை, ஒத்தச்சொல்லி. ஜன்னல் ஒண்ணு உண்டு, அதையும் அலமாரி மறைச்சுக்கிட்டு நிக்கும்.

தங்கச்சி: கதவுல தாழ்ப்பாள் இல்லையாக்கும்.

அக்கா: இருந்துச்சே. வெளிப்பக்கம்.

தங்கச்சி: வெளிப்பக்கமா?

அக்கா: சாமான் அறை பாரு, பூனை புகாம இருக்க எப்பவோ வெச்சது. முதல் நாள் ராத்திரி வீட்டுக்காரி படுத்தா, தூக்கம் வரல. முன்பின் தெரியாதவ. எழுந்து வாசக்கதவைத் திறந்து எவனையாவது உள்ள விட்டுட்டா? எழுந்து போனா, சத்தமில்லாம தள்ளினா. இரும்பு பழசு, ஆனாலும் எண்ணெய் விட்டது, நழுவி உக்காந்துக்கும். அப்புறம் பாரு, நல்ல தூக்கம். மறுநாளும் தள்ளினா. எதையும் மூணு நாள் செஞ்சா வழக்கமாயிடும் தங்கச்சி. காலையில அஞ்சு மணிக்கு முதல்ல அதைத் திறக்கறது, அப்புறம் அடுப்பைப் பத்தவைக்கறது.

தங்கச்சி: அந்தம்மா ஒண்ணும் கேக்கலியா?

அக்கா: ஒரு தடவை கேட்டாளாம். ‘எதுக்கு?’ன்னு. கதவு காத்துல அடிச்சுக்குதுன்னு வீட்டுக்காரி சொன்னா. ஜன்னலே மூடிக்கிடக்கிற அறையில காத்து. அதுக்கும் ‘சரி’ன்னாளாம்.

தங்கச்சி: இதெல்லாம் உங்களுக்கு எப்படிக்கா தெரியும்? எண்ணெய் விட்டது வரைக்கும்...

அக்கா: சுவத்துக்குக் காது இருக்குன்னு கேள்விப்பட்டதில்லையா? நான் அந்தச் சுவத்துக்கு அடுத்த சுவர்.

வாசல்காரர்: அம்மா, கொஞ்சம் மெதுவா. மேல சபை நடக்குது.

அக்கா: சபையில நடக்கறதை விட நான் சத்தமாவா பேசறேன் தம்பி? சரி, சரி. போங்க... பாத்தியா, மீசைக்குக் குறைச்சலில்ல.

தங்கச்சி: அப்புறம்?

அக்கா: அப்புறம் என்ன. ஒரு நாள் ராத்திரி அத்தை தண்ணி கேட்டுக் கூப்பிட்டிருக்காங்க...

தங்கச்சி: அத்தையா?

அக்கா: அந்தம்மாவைத் தெருவே அத்தைன்னுதான் கூப்பிடும். வீட்டுக்காரனுக்குக் குறட்டை, அதனால வீட்டுக்காரி காதுல பஞ்சு. ஒத்தச்சொல்லிக்கு மட்டும் கேட்டுச்சு. எழுந்தா, கதவு வரல. தட்டினா. அத்தை பாத்தாங்க, யாரும் வரல, தானே எழுந்திருக்கப் போய் விழுந்தாங்க. விடிய விடியத் தரையில. இடுப்பு எலும்பு.

தங்கச்சி: ஐயோ.

அக்கா: அஞ்சு மணிக்குக் கதவைத் திறந்தா ஒத்தச்சொல்லி நின்னுட்டிருக்கா. விரல் முட்டியெல்லாம் சிவந்து வீங்கியிருந்துச்சு. அன்னிக்குத்தான் அவ வாயில இருந்து முழுசா ஒரு பேச்சு வந்தது. ‘அவங்க கூப்பிட்டாங்க. நான் தட்டினேன்.’ அவ்வளவுதான். பையை எடுத்தா, போயிட்டா.

தங்கச்சி: வீட்டுக்காரி என்ன சொன்னாங்க?

அக்கா: தெருவுக்கா? வேலைக்காரி அசந்து தூங்கிட்டா, அதான் விழுந்துட்டாங்க, நான் துரத்திட்டேன்னு சொன்னா. தெருவும் உச்சுக்கொட்டிச்சு. அந்தச் சேதியை நாலு தெருவுக்குக் கொண்டுபோய்ச் சேத்தது யாருங்கற, சாட்சாத் நான்தான்.

தங்கச்சி: உண்மை தெரிஞ்சுமா?

அக்கா: ...கதையைக் கேளு. ஒத்தச்சொல்லி நேரா மனு எழுதற பெரியவர்கிட்ட போயிருக்கா. அவ சொன்னது ரெண்டு வரி. அவர் எழுதினது மூணு பக்கம். ‘மாண்புமிகு’ மட்டும் எட்டு தடவை. அது கொட்டாவி வீட்டு மேசைக்குப் போச்சு. அங்க போற மனுவெல்லாம் கிணத்துல போட்ட கல்லுதான். இந்தக் கல்லு மிதந்ததுக்குக் காரணம் ஒரு பத்திரிகை. எந்த உறுப்பினர் எத்தனை கேள்வி கேட்டார்னு பட்டியல் போட்டான். நம்மாளு பேருக்கு நேரா பெரிய முட்டை.

தங்கச்சி: ரோஷம் வந்துடுச்சு.

அக்கா: வந்து, மனுக் கட்டுல மேல இருந்ததை உருவினார். சவரம் பண்ணிட்டிருக்கறப்பவே படிச்சாராம். பாதி முகத்துல நுரையோட உதவியாளரைக் கூப்பிட்டு, நம்ம வீட்டுல சமைக்கறவங்க அறைக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்னு பாத்துட்டு வான்னார். போய்ப் பாத்தா அங்க கதவே இல்ல. திரைச்சீலைதான். பத்து வருஷமா.

தங்கச்சி: நிஜமாவா?

அக்கா: மறுநாளே தச்சர் வந்தார், நானே பாத்தேன். அதுக்கப்புறம்தான் சபையில எழுந்தார். நல்ல மனுஷன்னு சொல்லல. முதல்ல தன் வீட்டுக் கதவைச் சரிபண்ணினார், அவ்வளவு சொல்வேன். ஆனா அரசியல்ல ஒரு ஆள் ஒரு யோசனையோட எழுந்தா உடனே சட்டமாயிடுமா?

தங்கச்சி: அமைச்சரா இல்லாத உறுப்பினர் கொண்டு வந்தா அது தனி உறுப்பினர் மசோதா. வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் எடுத்துக்குவாங்க.

அக்கா: இதுவும் பாஸ் பின்னால இருக்கா?

தங்கச்சி: ...எங்கயோ படிச்சேன்.

அக்கா: படிச்சவதான் போல. ஆமா, வெள்ளிக்கிழமை மத்தியானம். எல்லாரும் ஊருக்கு ரயிலேறப் போயிடுவாங்க. கொட்டாவி எழுந்து தொண்டையைச் செருமுவார், எதிர்ல நாலு பேர் இருப்பாங்க. ஆள் பத்தலைன்னு மணியடிச்சுக் கலைச்சுடுவாங்க. மூணு வெள்ளிக்கிழமை இதே கூத்து. நாலாவது வெள்ளிக்கிழமை பேய்மழை. ரயில் ஒண்ணும் ஓடல. போக வழியில்லாம அத்தனை பேரும் சபையிலயே உக்காந்துட்டாங்க. வேற வேலை இல்லாததால காது கொடுத்துக் கேட்டாங்க.

தங்கச்சி: எதிர்க்கட்சியும் மேசையைத் தட்டிச்சுன்னு சொல்வாங்க.

அக்கா: எதிர்க்கட்சி தட்டினதும் அமைச்சருக்கு இருப்புக்கொள்ளல. எழுந்து, நோக்கம் நல்லது, அரசாங்கமே இதை முறையா கொண்டு வரும், உறுப்பினர் திரும்பப் பெறணும்னார். இது பிள்ளையைத் தூக்கிட்டுப் போய், நான் வளத்துக்கறேன்னு சொல்ற கதை. கொட்டாவி குடுத்துட்டார். அத்தோட புதைச்சாச்சுன்னுதான் நாங்க நினைச்சோம். அதிசயமா, நிஜமாவே கொண்டு வந்தாங்க. சட்டம் எழுதற துறைக்குக் கோப்பு போச்சு. அங்கதான் காற்புள்ளி இருக்கார்.

தங்கச்சி: காற்புள்ளியா?

அக்கா: எழுதற அதிகாரி. ஒரு காற்புள்ளிக்காக ஒரு வாரம் சண்டை போடுவாராம், உதவியாளர் சொன்னார். சிரிக்கற?

தங்கச்சி: இல்ல... பேரு பொருத்தமா இருக்குன்னு...

அக்கா: பாக்காமலே பொருத்தம் தெரியுதா? அவர் கேட்ட கேள்வியைக் கேளு. அறைன்னா எத்தனை அடி, கதவுன்னா எது, திரைச்சீலை கதவாகுமா, தாழ்ப்பாள்னா என்ன.

தங்கச்சி: ‘கதவினை மூடிய நிலையில் இருத்தும் பொருட்டுப் பொருத்தப்பட்ட எந்தவொரு சாதனமும்.’

அக்கா: மனப்பாடமா?

தங்கச்சி: ...பேப்பர்ல வந்துச்சு.

அக்கா: நான் படிக்கற பேப்பர்ல வரல. சரி. அஞ்சு மாசம் எழுதினாங்க. பதினோரு பேர் கையெழுத்துப் போட்டாங்க. அறைக்கு அளவு இருந்துச்சு, ஜன்னலுக்கு அளவு இருந்துச்சு, மீறினா தண்டனை இருந்துச்சு. ‘அறையின் கதவுக்குத் தாழ்ப்பாள் ஒன்று பொருத்தப்பட வேண்டும்’ன்னு நாலாவது பிரிவு. எந்தப் பக்கம்னு எழுதல. பதினோரு பேருக்கும் தோணல.

தங்கச்சி: அவங்க வீட்டுல எல்லாக் கதவுக்கும் உள்பக்கம்தான் இருந்திருக்கும்.

அக்கா: அதேதான். ஒத்தச்சொல்லி இருந்த அறை இந்தச் சட்டப்படி சரியான அறை, யோசிச்சுப் பாரு. தாழ்ப்பாள் இருக்கா? இருக்கு. கதவை மூடி வைக்குதா? நல்லாவே வைக்குது. வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழி உடையணும். ஆனா உடையல. ஏன்னா அச்சுக்குப் போறதுக்கு முன்னால டைப் அடிச்சாங்களே, அங்க எவளோ ஒருத்தி ‘உள்பக்கத்தில்’னு சேத்துட்டா.

தங்கச்சி: ஒருத்தின்னு எப்படிச் சொல்றீங்க? ஆணாவும் இருக்கலாமே.

அக்கா: ஆணுக்கு இது தோணும்ங்கற? அங்க அஞ்சு பேர் டைப் அடிக்கறாங்க, மூணு பேர் பெண்கள். அச்சாகி, சபையில வெச்சு, குழுவுக்கு அனுப்பி, அங்க வரிவரியா படிக்கறப்ப காற்புள்ளி துள்ளிட்டாராம். இது என் வாக்கியமே இல்லைன்னு. பெத்தவளுக்குத் தெரியாதா பிள்ளை முதுகு மச்சம்.

தங்கச்சி: கையெழுத்தான காகிதத்துல இல்லாத வார்த்தை அச்சுல வரக்கூடாதுக்கா. அது பெரிய தப்பு.

அக்கா: யாரு இல்லைன்னா? குழுவுல ஒரு பெண் உறுப்பினர் அவரைக் கேட்டாங்களாம். வார்த்தை தப்பா, வந்த வழி தப்பான்னு. வழிதான்னார். அப்ப வார்த்தையை உக்கார வைங்க, வழியை அப்புறம் விசாரிங்கன்னாங்க. இன்னொருத்தர், உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டா ராத்திரி கூப்பிட்டா எப்படி எழுந்து வருவாங்கன்னு கேட்டார். எனக்கு அதைக் கேட்டதும்...

தங்கச்சி: என்னக்கா?

அக்கா: ஒண்ணுமில்ல, விடு. ஆக, சபையே முடிவு பண்ணட்டும்னு விட்டுட்டாங்க. அந்த வார்த்தையை நீக்கணும்னு ஒருத்தர் திருத்தம் குடுத்திருக்கார். அது இன்னிக்கு வருது. மூணாவது வாசிப்புல...

தங்கச்சி: ரெண்டாவது. பிரிவு பிரிவா எடுக்கறது ரெண்டாவது வாசிப்பு. மூணாவதுல மொத்தமா ஓட்டு.

அக்கா: ...சரிங்க டீச்சர். திருத்தம் ஜெயிச்சா வார்த்தை போச்சு, டைப் அடிச்சவளும் போச்சு. துறை விசாரணை, வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. தோத்தா, வார்த்தை சபையோட வார்த்தை ஆயிடும். சபை ஏத்துக்கிட்டதை எவன் தப்புன்னு சொல்வான்? அச்சுப் பிழைன்னு எழுதிக் கோப்பை மூடிடுவாங்களாம்.

தங்கச்சி: அப்படித்தான் சொல்லியிருக்காங்க.

அக்கா: யார்கிட்ட?

தங்கச்சி: ...பொதுவா.

அக்கா: அஞ்சு பேரையும் கூப்பிட்டு விசாரிச்சாங்க, ஒருத்தரும் வாயைத் திறக்கலியாம். அழுத்தக்காரி. அஞ்சு பேரையும் திங்கக்கிழமையில இருந்து லீவுல அனுப்பிட்டாங்கன்னு கேள்வி. நீ எப்ப இருந்து லீவு?

தங்கச்சி: நான் லீவுன்னு சொல்லவே இல்லையே.

அக்கா: வேலை நாள்ல மத்தியானம் இங்க உக்காந்திருக்க. பைக்கு மேல உன் விரல் பத்தும் சும்மா இல்ல. நான் பேசப் பேச ஏதோ தட்டிட்டே இருக்கு. எனக்கும் அந்த வியாதி உண்டு, தூக்கத்துல காலால தையல் மிஷினை மிதிப்பேன்.

தங்கச்சி: அக்கா, மெதுவா. வாசல்காரர் பாக்கறார்.

அக்கா: பயப்படாத. நான் கேக்கல, நீ சொல்லல. பொதுவா ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்தப் பொண்ணை நான் பாத்தா கையைப் பிடிச்சுக்குவேன். பதினோரு பேர் பாத்தும் படாதது அவ கண்ணுல பட்டிருக்கு பாரு. சோறு போடற வேலையைப் பணயம் வெச்சு அடிச்சிருக்கா. என்ன நெஞ்சு. அந்த மாதிரி ஒருத்தி எங்க தெருவில இருந்திருந்தா அன்னிக்கே அந்த வீட்டுக்காரியை நறுக்குன்னு நாலு கேட்டிருப்பா.

தங்கச்சி: அந்த வீட்டுக்காரி இப்ப எப்படி இருக்காங்க?

அக்கா: அவளுக்கென்ன. குத்துக்கல்லு மாதிரி இருக்கா. மாமியாரை இப்ப அவளே பாத்துக்கறா. ராத்திரி காதுல பஞ்சு வைக்கறதில்ல. தூக்கமும் கிடையாது.

தங்கச்சி: ஒத்தச்சொல்லி?

அக்கா: வேற ஒரு வீட்டுல. அங்க முதல்ல கதவோட ரெண்டு பக்கமும் தடவிப் பாத்துட்டுத்தான் பையைக் கீழ வெச்சாளாம். வீட்டுக்காரி ஒரு நாள் அவளைத் தேடிப் போனா. வாசல்லயே நிறுத்தி என்ன வேணும்னு கண்ணாலயே கேட்டா. இவளுக்கு வாய் வரல. வாய்க்குப் பேர்போனவ, வரல. திரும்பிட்டா... அதோ இறங்கி வர்றாங்க பாரு. நம்ம முறை.

வாசல்காரர்: அடுத்த கூட்டம் எழுந்திரிங்க. பாஸ் கையில இருக்கட்டும்.

அக்கா: தம்பி, நாலாவது பிரிவு வந்துடுச்சா?

வாசல்காரர்: எந்த மசோதாவுல?

அக்கா: தாழ்ப்பாள்.

வாசல்காரர்: அதுவா. அது முடிஞ்சு கால் மணி நேரமாச்சே.

அக்கா: முடிஞ்சிருச்சா? நாங்க இங்கதானே உக்காந்திருக்கோம்...

வாசல்காரர்: நீங்க உக்காந்திருந்தா சபை நிக்குமாம்மா?

தங்கச்சி: அந்தத் திருத்தம்... ‘உள்பக்கத்தில்’ என்ற சொல்லை நீக்குகன்னு... அது என்னாச்சுங்க?

வாசல்காரர்: ஒருத்தர் எழுந்து முன்மொழிஞ்சார். ஆதரிக்கிறவங்க ஆம்னு சொல்லுங்கன்னார் சபாநாயகர். ரெண்டு மூணு குரல்தான் வந்துச்சு. எதிர்க்கிறவங்க இல்லைன்னு சொல்லுங்கன்னார். கூரை அதிர்ந்துச்சு. எப்பவும் கொட்டாவி விட்டுட்டு உக்காந்திருப்பாரே ஒருத்தர், அவர் குரல்தான் எல்லாத்துக்கும் மேல. மொத்தமும் ஒரு நிமிஷம்கூட ஆகல.

அக்கா: எட்டு மாசம், பதினோரு கையெழுத்து, ஒரு மழை... ஒரு நிமிஷம்.

வாசல்காரர்: மூணாவது வாசிப்பும் கையோட முடிஞ்சது. இப்ப மீன்பிடி துறைமுகம் ஓடுது. மேல போறீங்களா?

அக்கா: மீனைப் பாத்து என்ன பண்ண. ஏன் தங்கச்சி உக்காந்துட்ட?

தங்கச்சி: ஒரு நிமிஷம் அக்கா.

அக்கா: உக்காரு. தண்ணி குடி. ஆக, சட்டமாயிடுச்சு.

தங்கச்சி: இன்னும் இல்ல. ஆளுநர் கையெழுத்து, அப்புறம் அரசிதழ். என்னிக்கு அமலுக்கு வரும்னு தனியா ஒரு அறிவிப்பு. விதிகள் எழுதணும். இன்னும் ஆறு மாசம் ஆகும்.

அக்கா: ஆறு மாசமா? ஒரு தாழ்ப்பாளைக் கழட்டி இந்தப் பக்கம் மாட்ட அரை மணி நேரம் போதும். சரி, எழுந்திரு, வெளிய போய் காத்து வாங்கலாம். தம்பி, இந்தாங்க டோக்கன்.

வாசல்காரர்: முப்பத்தேழு. கத்தரிக்கோல் ஒண்ணு. பொட்டலம் ஒண்ணு. பிரிச்சுப் பாத்து வாங்கிக்கங்க.

அக்கா: பிரிக்க வேண்டாம்.

வாசல்காரர்: அப்புறம் அது காணோம், இது காணோம்னு வரக்கூடாது. விதிம்மா... ஒரு தாழ்ப்பாள், பழசு. திருகாணி மூணு. சரியா இருக்கா?

அக்கா: சரியா இருக்கு. நாலாவது வரல. கதவுலயே நின்னுடுச்சு.

தங்கச்சி: மாதிரி காட்டி வாங்கன்னு சொன்னீங்களே அக்கா.

அக்கா: எட்டு மாசமா அப்படித்தான் சொல்லிட்டுப் பையில தூக்கிட்டுத் திரியறேன். குப்பையில போடவும் கை வரல.

தங்கச்சி: எண்ணெய் விட்டிருக்கு.

அக்கா: ம்.

தங்கச்சி: அக்கா... நானும் ஒண்ணு சொல்லணும். நீங்க நினைக்கறது சரிதான். அந்த டைப் அடிச்சது...

அக்கா: விரலைப் பாத்தப்பவே தெரியும். கையைக் குடு. என்ன நெஞ்சுடி உனக்கு.

தங்கச்சி: நெஞ்சும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் வேணும்னு சேக்கவே இல்லக்கா. கையெழுத்தான காகிதத்தைப் பாத்துத்தான் அடிச்சேன், கை தானா அடிச்சிருச்சு. விசாரணையில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினப்பதான் எனக்கே தெரிஞ்சுது. சொன்னா நம்புவாங்களா, அதான் வாயை மூடிட்டேன். தாழ்ப்பாள்னா உள்பக்கம்தானே அக்கா? ஒரு மனுஷி தூங்கற அறைக்கு வெளிய போடுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல.

அக்கா: எனக்குத் தோணுச்சு தங்கச்சி. பதினாறு மாசம், தினமும்.